ஜூலையில் வீடு பார்க்க வந்தவள்

எங்கள் டிரெய்லர் பார்க்கில் வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஜனவரியில்தான் வருவார்கள். வடக்கே பனியில் விறைத்துப் போனவர்கள் இங்கே வந்து இறங்கியதும் கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வெர்னா ஹால்வர்சன் மட்டும் ஜூலை ஆறாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து இறங்கினாள்.

அன்றைக்கு ஃபாரன்ஹீட்டில் நூற்றுப் பதினான்கு டிகிரி. நான் அலுவலகத்தில் ஏசிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. வடக்கு டகோட்டா நம்பர் பலகை. உயரமான ஒரு பெண்மணி இறங்கி, முதல் வேலையாக ஒரு தெர்மாமீட்டரை எடுத்து கார் நிழலில் தொங்கவிட்டாள். ஐந்து நிமிடம் வெயிலிலேயே நின்று அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"விக்கறதுக்கு வீடு இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தீங்களே, இது அந்த இடம்தானா?"

"இதுதாம்மா. ஆனா தப்பான மாசத்துல வந்துட்டீங்க. எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க."

"சரியான மாசத்துலதான் வந்திருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைய கோவமா இருக்கும்போது ஒரு தடவ பாத்துடணும். நல்லா இருக்கும்போது எல்லாப் பயலும் நல்லவன்தான்."

எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துவிட்டது.

என் பெயர் அருளப்பன். இங்கே இருபத்திரண்டு வருஷமாக நான் ஆர்லோ. பாலைவன ஊரான யூமாவுக்குத் தெற்கே, அடுத்த நாட்டு எல்லை வேலிக்கு நாலு மைல் இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் பார்க். லாரியில் இழுத்து வந்து நிறுத்திய டிரெய்லர் வீடுகள் நூற்றுப் பதினெட்டு. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வீடு அவர்களுடையது, மண் முதலாளியுடையது, மாத வாடகை. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் அநேகமாக எல்லோரும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வடக்கே போய்விடுவார்கள். வறட்சியில் மர நாற்காலி வெடிக்காமலிருக்க ஒவ்வொரு அறையிலும் ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வாளிகளை வாரம் ஒரு முறை நிரப்புவது, குழாயைத் திறந்துவிட்டுச் சாக்கடை வழியே கரப்பான் ஏறாமல் பார்த்துக்கொள்வது, வெயிலை மறைக்க ஜன்னலில் ஒட்டிய தாள் கிழிந்தால் ஒட்டுவது, இதுதான் கோடையில் என் வேலை. நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் நான் போவேன். நாலைந்து வீடு தவிர எதிலும் யாரும் இருக்கமாட்டார்கள்.

வெர்னாவுக்கு அறுபத்தேழு வயது. மைனாட் என்கிற ஊரில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். கணவர் போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. வீட்டை விற்றுவிட்டு, மிச்சம் இருந்ததைக் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் ஓட்டி வந்திருக்கிறாள்.

"ஒரு தடவதான் வாங்க முடியும் ஆர்லோ. இந்தப் பணத்துல ரெண்டாவது வீடு கிடையாது, திரும்பிப் போக மொத வீடும் கிடையாது. இங்க தப்புப் பண்ணிட்டா அந்தத் தப்புக்குள்ளயேதான் சாகணும். அதனால அவசரப்பட மாட்டேன்."

"பயமா இல்லயா?"

"நாப்பது டிகிரி மைனஸ்ல, ரோடு எது வயல் எதுன்னு தெரியாத பனியில, அம்பத்திரண்டு பிள்ளைங்கள வச்சு ஓட்டியிருக்கேன். வெயில் என்னய்யா செய்யும்?"

அப்போது விலைக்கு இருந்தவை இரண்டு வீடுகள். பதினான்காம் எண், ஐம்பத்திரண்டாம் எண்.

பதினான்கு எங்கள் பார்க்கின் அழகி. அகலமான வீடு, வெள்ளைப் பெயின்ட், முன்னால் மரத் தாழ்வாரம். மேற்குப் பக்கம் ஆளுயர ஜன்னல்கள் மூன்று, அதில் மலை முழுசாகத் தெரியும். கூரைமேல் பெரிய ஏர் கூலர். ஏசி கிடையாது. அதனால் கரண்ட் பில் மிகக் குறைவு. வீட்டுக்காரர் ஓரிகனில் இருந்தார். கனடாவிலிருந்து ஒருத்தி பார்க்காமலேயே வாங்கத் தயாராக இருந்ததால் வருகிற சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் வேண்டும், அதுவரை வெர்னா வேண்டுமானால் தங்கிப் பார்க்கலாம் என்று சொன்னார்.

ஐம்பத்திரண்டு பார்க்கவே சகிக்காது. குறுகலான பழைய டிரெய்லர், பாசி நிறப் பெயின்ட். முன்பு இருந்தவர் நாலு புறமும் இரும்புத் தூண் நட்டு, டிரெய்லருக்கு மேலே இன்னொரு தகரக் கூரை போட்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கோழிப் பண்ணை மாதிரி இருக்கும். ஜன்னல் இரண்டே இரண்டு, அதுவும் சின்னது. மேற்கே நம்மூர் கருவேலம் மாதிரி ஒரு கிழட்டு மெஸ்கீட் மரம் மலையை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் போனபிறகு முதலாளி கைக்கு வந்த அதை நாலு குளிர்காலமாக ஒருவரும் வாங்கவில்லை.

வெர்னா ஐம்பத்திரண்டுக்குள் ஒரு நிமிடம் நின்றாள். "இதுக்குள்ள ஒரே இருட்டா இருக்கே. உருளைக்கிழங்கு போட்டு வைக்கலாம்" என்றாள். பதினான்குக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எவ்வளவு வெளிச்சம்! எங்க ஊர்ல நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் நாலரை மணிக்கே இருட்டிடும் ஆர்லோ. வெயில் வர்ற ஜன்னலுக்கு அக்கா தங்கச்சி சண்டையே நடக்கும். இங்க மூணு ஜன்னல்!"

வாயிலில் துடைப்பத்தோடு நின்ற ஒஃபேலியா சத்தமாகச் சிரித்தாள்.

ஒஃபேலியா போஹோர்கெஸ் அந்தப் பக்கத்துக்காரி. வேலிக்குத் தெற்கே இருக்கும் ஊரில் பிறந்து அங்கேயே இருப்பவள். தினமும் காலையில் எல்லைக் கேட்டைத் தாண்டி, பஸ் பிடித்து ஏழு மணிக்கு இங்கே வந்து வீடுகளைத் துடைப்பாள், சாயங்காலம் திரும்பிப் போவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வாய் மட்டும் இருபது வயது.

"வெள்ளையம்மா, இங்க வெயில வாங்கறதுக்கு வந்தியா? அது சும்மாவே கெடைக்கும். நாங்க காசு குடுக்கறது நிழலுக்கு."

"இந்தக் கூலர் எவ்வளவு ஜில்லுன்னு இருக்குன்னு பாரு. நிழல் எதுக்கு?"

"இன்னும் மேகம் வரல. மழை எறங்கற சான் ஹுவான் திருநாள் போயி ரெண்டு வாரம் ஆச்சு, இந்த வருஷம் லேட்டு. தெக்கேருந்து மேகம் ஏறட்டும், அப்பறம் சொல்லு. காத்து ஈரமாயிட்டா அந்தக் கூலர் உன் மேல எச்சில்தான் துப்பும்."

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் சாவிக் கொத்தைப் பார்த்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதலாளி லாசிட்டர் கோடை முழுக்க மலைமேல் பைன் மரங்களுக்கு நடுவே இருப்பவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவர் ஒரு சட்டம் சொல்லிவிட்டார். "வாங்க வர்றவங்ககிட்ட ஆகஸ்ட் மாசத்தப் பத்திப் பேசாத." இருபத்திரண்டு வருஷமாக நான் பேசினதில்லை. அவர்கள் ஆகஸ்டில் இங்கே இருக்கப்போவதில்லை என்பதால் என் மனசும் உறுத்தினதில்லை. ஆனால் இவள் பன்னிரண்டு மாதமும் இருக்க வந்தவள்.

நான் வேறொன்றைச் சொன்னேன். "கோடையில இங்க தங்கறவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு வெர்னா. காலையில ஏழு மணிக்குள்ள வாசல் கைப்பிடியில ஒரு துணியக் கட்டணும். சாயங்காலம் எடுத்துடணும். ஏழு மணிக்குத் துணி இல்லன்னா நான் வந்து கதவத் தட்டுவேன். தொறக்கலன்னா சாவி போட்டு உள்ள வருவேன்."

"எத்தன பேரு தங்கறீங்க?"

"அஞ்சு பேரு. உங்களோட ஆறு."

"எதுக்கு இந்த வழக்கம்?"

"எழுபத்தேழாம் நம்பர்ல ஒருத்தர் இருந்தாரு. கூலர் நின்னு போச்சு. நாலு நாளு யாருக்கும் தெரியல."

அவள் பையைத் திறந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பஸ் கண்ணாடி துடைக்கிற துணி.

திங்களும் செவ்வாயும் பதினான்காம் வீட்டில் அவள் ராணி மாதிரி இருந்தாள். வறண்ட வெயிலில் கூலர் மிக நன்றாக வேலை செய்யும், அதில் பொய் இல்லை. மத்தியானம் நான் வாளி நிரப்ப அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பாள். வெளியே நூற்றுப் பதினைந்து, உள்ளே எண்பத்திரண்டு. ஒரு நோட்டில் மணிவாரியாக எழுதி வைத்திருந்தாள்.

புதன்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. அந்தப் பக்கம் போனால் பல் வைத்தியம் மூன்றில் ஒரு பங்கு செலவு. இங்கே எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஒஃபேலியா கூட்டிக்கொண்டு போனாள், நானும் மாத்திரை வாங்கப் போனேன். குளிர்காலத்தில் கிழவன் கிழவிகள் மொய்க்கிற தெருவில் அன்றைக்கு ஒரு நாயும் நாங்களும்தான். பல் வைத்தியர் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

பல்லைப் பிடுங்கின பிறகு, ஒஃபேலியா தன் சித்தப்பா மகனுடைய வீட்டைக் காட்டினாள். கனமான செங்கல் சுவர், உயரமான கூரை, உள்முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். வாடகை எங்கள் பார்க் மண்ணுக்குக் கொடுப்பதில் பாதி. வாய் நிறையப் பஞ்சு வைத்திருந்ததால் வெர்னாவால் பேச முடியவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். தெர்மாமீட்டரை மாட்டினாள். முகத்தில் மரியாதை தெரிந்தது.

திரும்பி வருகிற எல்லை வரிசையில், வேலைக்குத் தாண்டுகிறவர்களோடு அரைமணி நேரம் நின்றோம். பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"நல்ல வீடு. ஆனா டாக்டர் செலவுக்கு சர்க்கார் குடுத்த அட்டை இந்தக் கோட்டத் தாண்டாது. நெஞ்சு வலிச்சா நான் இந்த வரிசையில நிக்க முடியாது. வேண்டாம்."

"அப்ப அந்தக் கண்ணாடிப் பெட்டிதானா?" என்றாள் ஒஃபேலியா.

"ஓஹோ! இப்பப் புரியுது. உன் சொந்தக்காரன் வீட்டத் தள்ளி விடத்தான் பதினாலு எச்சில் துப்பும்னு சொன்னியா?"

ஒஃபேலியா குடையை மடக்கி என் கையில் கொடுத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

"நான் பொய் சொல்றவளா? சரி, பந்தயம் வச்சுக்குவோம். மொத மேகம் வர்ற அன்னிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த வீட்டுச் சமையலறையில உக்காந்து சுடச்சுட சூப்புக் குடிக்கணும். ஒரு மணி நேரம் எந்திரிக்கக் கூடாது. ஜெயிச்சா ஒரு வருஷம் உன் ஜன்னல் பூரா சும்மாவே கழுவித் தர்றேன்."

"தோத்தா?"

"தினம் சாயங்காலம் உன் கார்ல என்னைய கேட்டு வரைக்கும் கொண்டு விடணும். பஸ் ஓட்டினவதான நீ."

"கைய குடு" என்றாள் வெர்னா. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லைக் காவலர் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் லாசிட்டர் போன் பண்ணினார். "அந்தம்மா பேனாவ எடுத்தாச்சா? ஆகஸ்ட் பத்தி வாயத் தொறக்கல இல்ல?"

"தொறக்கல."

"நல்லது."

போனை வைத்துவிட்டுப் பதினான்காம் வீட்டுக்குப் போனேன். வெர்னா கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றேன்.

"ஏன்?"

"சும்மா. டைம் இருக்கே."

"காரணம் சொல்லு ஆர்லோ."

சொல்லியிருக்கலாம். கூலர் என்பது ஈரத் துணி வழியாகக் காற்றை விடுகிற சாமான், காற்றே ஈரமாகிவிட்டால் அது செத்த சாமான் என்று இரண்டு வரியில் முடிந்துபோகிற விஷயம். "நீங்களே பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பெரிய நல்லவன் மாதிரி என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தெற்கே வேலிக்கு அந்தப் பக்கம் வானம் ஊதா நிறமானது. இரண்டு மணிக்குப் புழுதி ஒரு சுவராக எழும்பி வந்து பார்க்கை மூடியது. அரைமணி நேரத்தில் அது போனபோது காற்று அப்படியே நின்றது. மழை பெய்யவில்லை. வானம் மூடிக் கிடந்தது, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்துக் காலண்டர் தாள் துவண்டு தொங்கியது.

நாலு மணிக்கு ஒஃபேலியா ஒரு பனை விசிறியோடு பதினான்காம் வீட்டுக்கு வந்து, நீதிபதி மாதிரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நடுவில். வெர்னா கோழி சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேகத்துக்கு அடியில் சூரியன் இறங்கி, மூன்று ஜன்னல் வழியாகவும் நேராக உள்ளே வந்தது. ஜனவரியில் அந்தச் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போகும். ஜூலையில் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கூலர் கூரைமேல் கத்தியது. வந்த காற்று சமையலறையில் இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு வெள்ளையம்மா?"

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் வெர்னா. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சூப்பில் சொட்டியது. "இப்பச் சரியாப் போச்சு."

"தொண்ணூத்தாறு" என்றேன் தெர்மாமீட்டரைப் பார்த்து.

"கத்தாத. எனக்கும் கண்ணு இருக்கு."

நாற்பதாவது நிமிடத்தில் நான் எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடி, அங்கிருந்து பார்த்தேன். ஐம்பதாவது நிமிடத்தில் ஒஃபேலியா விசிறியை வெர்னாவுக்கு நீட்டினாள். அவள் வாங்கவில்லை. ஐந்து மணி அடித்தபோது கிண்ணம் காலி. வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், முகம் தக்காளி மாதிரி இருந்தது.

"பக்கெட்ட ரெடி பண்ணிக்கோ ஒஃபேலியா. மூணு பெரிய ஜன்னலு."

"நீ மனுஷியா, கழுதையா?"

"நார்வே வம்சத்துக்காரி. ரெண்டும் ஒண்ணுதான்."

ராத்திரி ஐம்பத்திரண்டில் படுத்துக்கொள்ளுங்கள், ஏசி இருக்கிறது என்று கெஞ்சினேன். "ஜெயிச்ச வீட்டுலதான் படுப்பேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் சுற்று வந்தபோது ஐந்து கதவில் துணி இருந்தது. பதினான்கில் இல்லை.

தட்டினேன். பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்தேன். உள்ளே கூலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போனவர்கள் வைத்துவிட்டுப் போன தண்ணீர் வாளியில் இரண்டு காலும். கையில் அந்த மஞ்சள் துணி. என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றாள். "எண்ணுப்பா. எனக்கு ஒரு தல குறையுது. எண்ணாம வண்டிய எடுக்க மாட்டேன்."

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒஃபேலியாவும் நானும் அவளைத் தூக்கி அலுவலகத்து ஏசிக்கு முன்னால் படுக்க வைத்தோம். ஈரத் துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். அவர்கள் வருவதற்குள் கண் தெளிந்துவிட்டது. ஒஃபேலியா எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டு, ஒவ்வொரு மடக்காகக் கொடுத்துக்கொண்டே திட்டினாள். "ஜெயிச்சாளாம், ஜெயிச்சா! இந்தா, ஜெயிச்சதுக்குப் பரிசு, குடி!" ஆம்புலன்ஸ்காரர்கள் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் கதையே வேறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என் மேலதான் தப்பு" என்றேன். "இருபத்திரண்டு வருஷமா இந்தக் கூலரப் பத்தித் தெரியும். முதலாளி பேசாதன்னாரு. பேசல."

வெர்னா டம்ளரை ஒஃபேலியாவிடம் நீட்டினாள்.

"நீ சொல்லியிருக்கணும்" என்றாள். "சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இவ சொன்னா, கேட்டேனா? அதனால பாதித் தப்பு உனக்கு, பாதி எனக்கு. அந்தப் போன இப்படிக் குடு."

லாசிட்டருக்குப் போன் பண்ணினாள். பதினான்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கனடாக்காரியின் நம்பரைக் கேட்டாள். அவர் தர மறுத்தார். ஓரிகன்காரர் கொடுத்துவிட்டார்.

கனடாக்காரியிடம் வெர்னா எதையும் மறைக்கவில்லை. ஈரக்காற்று, கூலர், ஜன்னல், வாளி, தான் தரையில் கிடந்தது வரைக்கும் சொன்னாள். மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பது எனக்கே கேட்டது. "நாங்க நவம்பர்ல வந்து மார்ச்ல கெளம்பிடுவோம், எனக்கு அந்த ஜன்னல்தான் வேணும்" என்றாள். சனிக்கிழமை காலையிலேயே வாங்கியும் விட்டாள். அந்த வீட்டைப் பற்றி முழுசும் தெரிந்து அதை வாங்கினவள், என் காலத்தில், அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை மத்தியானம் வெர்னா என்னிடம் ஐம்பத்திரண்டின் சாவியைக் கேட்டாள். நானும் ஒஃபேலியாவும் கூடவே போனோம். மூன்று மணி. வெளியே அதே புழுக்கம். தகரக் கூரைக்கு அடியில் கால் வைத்ததும் தலைமேலிருந்து யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. மேலே தகரம் வெயிலை வாங்கிக்கொண்டது, அதற்கும் டிரெய்லருக்கும் நடுவே காற்று ஓடியது. மரம் மேற்கை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே நான் முன்னாலேயே போட்டுவைத்திருந்த பழைய ஏசி முனகியது, அதன் முள் எழுபத்தெட்டு டிகிரி காட்டியது. வெர்னா தெர்மாமீட்டரை மாட்டவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றாள் ஒஃபேலியா. "மலையா?"

"வாசக் கதவுங்க தெரியுது. மூணு, இருபது, முப்பத்தொண்ணு, அறுபது, எண்பத்தெட்டு. அஞ்சும் தெரியுது. துணி தெரியுது." திரும்பி என்னைப் பார்த்தாள். "முப்பத்தொரு வருஷம், பிள்ள வீட்டுக் கதவத் தொறந்து உள்ள போற வரைக்கும் நான் வண்டிய நகத்தினதில்ல. மலையப் பாத்துட்டு உக்காந்திருக்க எனக்கு வராது ஆர்லோ. இது வேணும்."

"கோழிப் பண்ணை மாதிரி இருக்கே" என்றேன்.

"நான் கோழிதான். வெல பேசு."

நாலு வருஷமாக விற்காத வீடு. விலை பேச அவளுக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. லாசிட்டர் போனில் இரண்டு முறை, "அம்பத்திரண்டா? நெஜமாவா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவள் அவரிடம், "இனிமே வீடு பாக்க வர்றவங்க என் வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டுத்தான் போவாங்க. ஆகஸ்ட் பத்தி நான் பேசிக்கறேன், ஆர்லோ பேசலன்னு நீங்க நிம்மதியா இருங்க" என்றாள்.

திங்கட்கிழமை ஒஃபேலியா வாளியும் துணியுமாக ஜன்னல் கழுவ வந்தாள். இரண்டு ஜன்னலையும் சேர்த்து நாலு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"இவ்வளவுதானா? ஒரு வருஷமும் இவ்வளவுதானா?" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "வெள்ளையம்மா, நீ ஜெயிச்சதுல எனக்குத்தான் லாபம்."

"வண்டியில ஏறு. கேட்டுல விட்டுடறேன்."

"ஜெயிச்சவ எதுக்கு விடணும்?"

"ஏறு. பெல்ட்டப் போடு. ஒரு தடவைக்கு மேல சொல்ல மாட்டேன்."

ஒஃபேலியா கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க் கையை ஆட்டுகிறவரை வெர்னா காரை எடுப்பதில்லை. இன்று வரைக்கும் அப்படித்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை ஏழரை மணிக்கு நான் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற என் அறையில் ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்தேன். கதவு இடிபட்டது. நுரையோடு போய்த் திறந்தேன். வெர்னா நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் சுத்தியல்.

"ஏழு மணிக்கு உன் கதவுல துணி இல்ல."

"எனக்கு எதுக்குத் துணி? நான்தான எல்லாரையும் பாக்கறவன்."

"அதான் கேக்கறேன். உன்னைய யாரு பாக்கறா?"

 இருபத்திரண்டு கோடை. என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அவள் பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். இரண்டாகக் கிழித்திருந்தாள். ஒரு பாதியை என் கதவுக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சு.

"என் ஜன்னல்லருந்து இந்தக் கதவும் தெரியுது. அன்னிக்கு அஞ்சுன்னு சொன்னேன், தப்பு. நாளைக்கு ஏழுக்கு இது இங்க இல்லன்னா சாவியெல்லாம் தேட மாட்டேன்." சுத்தியலைத் தூக்கிக் காட்டினாள். "மொகத்தக் கழுவு. வந்து சாப்பிடு. உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், ஆறிடும்."

அன்றிலிருந்து ஆறே முக்காலுக்கே கட்டிவிடுகிறேன். கதவு உடைந்தால் லாசிட்டர் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்.